குன்னூரில் கிறிஸ்துமஸ் பிளம் கேக் நடுவில் அமுங்குகிறது, வழி சொல்லுங்கள்

குன்னூர்க்குளிர் | நவம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி குன்னூர் வந்ததிலிருந்து எனக்குக் கேக் சரியாக வருவதில்லை. மதுரையில் அம்மா வீட்டில் இதே அளவில், இதே டின்னில் போட்டால் நன்றாக எழும்பி நிற்கும். இங்கே ஓவனுக்குள் முதல் அரை மணி நேரம் அழகாக உப்புகிறது. வெளியே எடுப்பதற்குள் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் ஈரம்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீட்டு ஆட்கள் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மாமனாருக்குச் சர்க்கரை நோய். சின்னப் பிள்ளைகளும் உண்டு. கடையில் சொல்லிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

என் அளவு: மைதா 220 கிராம், வெண்ணெய் 200, சர்க்கரை 200, முட்டை நான்கு, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ரம்மில் ஊறிய பழம் 400 கிராம். எட்டு அங்குல டின். ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவனில் 160 டிகிரி, ஒரு மணி நேரம். எங்கே மாற்ற வேண்டும்?

அளவுத்தராசு | நவம்பர் 8

தங்கச்சி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு. மதுரையில் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் எவ்வளவு தூக்குமோ, அங்கே அதைவிட அதிகமாகத் தூக்கும். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் பெரிதாகி உடைந்துவிடும். அந்தக் குழி அப்படித்தான் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மாவிலிருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது. மிஞ்சும் ஈரத்தில் சர்க்கரை கூடிப்போய், கேக் இறுகி நிற்க விடாமல் செய்கிறது. ஓரம் காய்வதும் இதனால்தான்.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான். பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன் போதும். இவ்வளவு பழம் போடும் கேக்குக்குச் சமவெளியிலேயே ஒரு டீஸ்பூனுக்கு மேல் தேவையில்லை, ஒன்றரை என்பது மதுரைக்கே அதிகம். சர்க்கரையை 170 கிராமாகக் குறையுங்கள். பால் அல்லது ஆரஞ்சுச் சாறு மூன்று டேபிள்ஸ்பூன் கூடுதலாகச் சேருங்கள். முட்டையும் வெண்ணெயும் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும்.

கப்பில் அளக்காமல் கிராமில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கே தனியாக ஒரு பாராட்டு. ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். கேக் ஒரு நாள் மென்மையாகவும் ஒரு நாள் கல்லாகவும் வருகிறது என்று சொல்பவர்கள் முதலில் ஒரு சமையல் தராசு வாங்க வேண்டும்.

பேக்கரிமாஸ்டர் | நவம்பர் 9

தராசு சொன்னது சரி. அதோடு நேரத்தையும் பாருங்கள். 400 கிராம் பழம் போட்ட எட்டு அங்குலக் கேக் 160 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் வேகாது. எழுபத்தைந்து நிமிடத்திலிருந்து தொண்ணூறு வரை ஆகும். நடு ஈரமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இது.

ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 160 என்று வைத்தால் உள்ளே 140 ஆகவும் இருக்கலாம், 185 ஆகவும் இருக்கலாம். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். நான் பேக்கரியில் வேலை பார்த்த காலம் முழுக்க, வீட்டில் கேக் கெட்டுவிட்டது என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

டின்னின் அடியிலும் பக்கத்திலும் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பாகப் போடுங்கள். டின்னை நடுத் தட்டில் வையுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடினால் மேல் கருகாது. அதற்கு முன் கதவைத் திறக்கவே கூடாது.

நாஞ்சில்அக்கா | நவம்பர் 9

குன்னூர்க்குளிர், இப்பவே கேட்டது நல்லதாப் போச்சு. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீடுகளில் பழம் ஊறப்போடுவது அக்டோபரிலேயே முடிந்துவிடும். நவம்பர் இரண்டாம் வாரம் என்றாலும் தாமதமில்லை, ஒரு மாதம் தாராளமாகக் கிடைக்கிறது.

கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சம்பழம், ஆரஞ்சுத் தோல், செர்ரி. டூட்டி ஃப்ரூட்டியைக் கொஞ்சமாகப் போடுங்கள். அது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் போட்டது, மணம் தராது, நிறம்தான் தரும். எல்லாவற்றையும் திராட்சை அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு, 400 கிராமுக்கு 150 மில்லி டார்க் ரம் ஊற்றி மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை ஜாடியைக் குலுக்கிவிட வேண்டும். முந்திரியை ஊறப்போடாதீர்கள், நமத்துப்போகும். கேக் போடும் அன்று சேர்த்தால் போதும்.

உங்கள் அளவில் எரித்த சர்க்கரை இல்லை. அது இல்லாமல் பிளம் கேக்குக்கு அந்தக் கறுப்பும் லேசான கசப்பும் எங்கிருந்து வரும்? தராசு தம்பி சொன்ன 170 கிராமில் 70 கிராமை எடுத்து அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் உருக்குங்கள். பொன்னிறம் தாண்டி, காப்பிக்கொட்டை நிறம் வந்து புகை எழும்பும்போது அடுப்பை அணைத்து, கொதிக்கும் வெந்நீர் 70 மில்லியைத் தள்ளி நின்று ஊற்றுங்கள், மேலே தெறிக்கும். பிள்ளைகளை அடுக்களைக்குள் விட வேண்டாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகத் தெறிக்கும். ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். இந்தத் தண்ணீர் சேர்வதால், மூன்று டேபிள்ஸ்பூன் பால் தனியாகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மசாலாவுக்குக் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், சுக்கு. நான்கும் சேர்ந்து ஒரு டீஸ்பூன். அன்றைக்கே இடித்துச் சலித்தது.

பேச்சு வந்ததால் சொல்கிறேன், இந்தக் கேக் நம் பக்கத்துக்கு வந்த கதை தலச்சேரியில் இருக்கிறது. அங்கே ராயல் பிஸ்கட் பேக்டரி நடத்திய மம்பள்ளி பாபுவிடம், அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்தின் முர்டோக் பிரவுன் 1883இல் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி செய்து தரச் சொன்னாராம். மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கி ஊற்றச் சொன்னதற்கு, பாபு முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றினாராம். இந்தியாவில் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று தலச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கையில் இருப்பதை வைத்து, இருக்கிற ஊருக்குத் தகுந்தாற்போல் செய்ததால்தான் அது நிலைத்தது. நீங்களும் குன்னூருக்குத் தகுந்தாற்போல் செய்யுங்கள்.

முத்துநகர் | நவம்பர் 10

நாஞ்சில் அக்கா சொன்ன எரித்த சர்க்கரைக்கு முழு ஆதரவு. ஆனால் ரம் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடப்போகிற கேக் இது.

நாஞ்சில்அக்கா | நவம்பர் 10

முத்துநகர், ஓவனில் வேகும்போது ரம் எல்லாம் ஆவியாகிப் போய்விடுமே. மணம் மட்டும்தானே நிற்கும். எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

அளவுத்தராசு | நவம்பர் 10

அக்கா, அது பலரும் நம்புவது, ஆனால் முழுவதும் போவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை ஒன்று இருக்கிறது. மாவில் கலந்து ஒரு மணி நேரம் வேகவைத்தால் ஊற்றிய ஆல்கஹாலில் கால் பங்கு மிஞ்சும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. சுட்ட பிறகு மேலே தெளிக்கும் ரம் வேகவே இல்லையே, அதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

ஒரு துண்டில் இருப்பது குறைவுதான். இருந்தாலும் குழந்தைகள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள், மதக் காரணத்தால் தொடாதவர்கள் வரும் வீட்டில் அதைச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

முத்துநகர் | நவம்பர் 10

அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் தூத்துக்குடி வீட்டில் கறுப்புத் திராட்சைச் சாற்றில் ஊறவைக்கிறோம். திராட்சையைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் பழங்களைப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் போதும். பழம் நன்றாகக் குடித்துக்கொள்ளும். ஆனால் இது ரம் மாதிரி மாதக்கணக்கில் வெளியே நிற்காது. பிரிட்ஜில் வைத்து மூன்று நாட்களுக்குள் கேக் போட்டுவிட வேண்டும். வெளியே வைத்தால் புளித்துவிடும்.

நாஞ்சில்அக்கா | நவம்பர் 10

கால் பங்கு மிஞ்சும் என்பது எனக்குப் புதுச் செய்தி. சரி, பிள்ளைகளுக்குச் சாறு ஊறிய கேக்கும் பெரியவர்களுக்கு ரம் கேக்கும் தனித்தனியாகச் செய்யலாம். ரம் கேக்கை நான் விடுவதாக இல்லை. அந்த மணம் சாற்றில் வராது.

முட்டையில்லாச்சமையல் | நவம்பர் 11

அப்படியானால் நாத்தனார் வீட்டுக்கான முட்டையில்லாத கேக்கையே பிள்ளைகளுக்கான கேக்காகவும் ஆக்கிவிடலாமே. சாற்றில் ஊறிய பழம், முட்டை கிடையாது. ஒரே கேக்கில் இரண்டு கவலையும் தீர்ந்தது.

கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 100, மைதா 160, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஆரஞ்சுச் சாறு 150 மில்லி, ஊறிய பழம் 200 கிராம். சர்க்கரை தனியாக வேண்டாம், கண்டென்ஸ்டு மில்க்கிலேயே இருக்கிறது. சாற்றின் புளிப்போடு சோடா சேர்ந்ததும் நுரைக்கத் தொடங்கும், அதனால் கலந்த உடனே டின்னில் ஊற்றி ஓவனில் வைத்துவிட வேண்டும். கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. குன்னூருக்குப் பவுடர் அரை டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் வீட்டுக்கு என்றால் இன்னொன்று. டின், கரண்டி, பீட்டர் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, முட்டையில்லாத கேக்கை முதலில் செய்யுங்கள். இரண்டையும் வெவ்வேறு தட்டில், வெவ்வேறு கத்தியோடு வையுங்கள். நான் முட்டை சேர்க்காத குடும்பத்தில் பிறந்தவள். விருந்துக்குப் போன இடத்தில் இது முட்டை இல்லாதது என்று காட்டி ஒரு தட்டைத் தனியே எடுத்து வைத்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கும் தெரியுமா?

உடன்குடிக்காரன் | நவம்பர் 11

மாமனாருக்குக் கருப்பட்டி கேக் செய்யுங்கள் சகோதரி. சர்க்கரைக்குப் பதில் அதே எடை கருப்பட்டி. சர்க்கரை நோய் உள்ளவர்களும் சாப்பிடலாம்.

அளவுத்தராசு | நவம்பர் 11

உடன்குடி அண்ணன், கருப்பட்டி கேக்கின் ருசிக்கு நான் அடிமை. ஆனால் சர்க்கரை நோய்க்கு அது மாற்று இல்லை. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். மைதா வேறு இருக்கிறது, உலர்பழம் வேறு இருக்கிறது. பெரியவர் அவருடைய மருத்துவர் சொன்னபடி, சாப்பாட்டோடு மெல்லிய துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். அவர் தட்டில் வறுத்த முந்திரி, பாதாம் கூடுதலாக இருக்கட்டும். இது நோயாளிக்கானது என்று பெயர் சூட்டி ஒரு கேக்கைக் கொடுத்தால் அவர் இரண்டு துண்டு அதிகமாகத்தான் சாப்பிடுவார்.

உடன்குடிக்காரன் | நவம்பர் 11

சரிதான். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ருசிக்காகச் செய்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: கருப்பட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டாமல் போடாதீர்கள், மண் இருக்கும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். அதனால் கருப்பட்டியின் புளிப்பை நம்பிச் சோடா போட முடியாது. சோடா போட்டால் கூடவே இரண்டு ஸ்பூன் தயிரும் சேருங்கள்.

யாழ்வீடு | நவம்பர் 13

இழை முழுவதும் வாசித்தேன், நல்ல சந்தோஷமாக இருக்கிறது. எங்கட பக்கத்தில் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) ரிச் கேக்கோடு லவ் கேக்கும் செய்வோம். அதில் பேக்கிங் பவுடரே போடுவதில்லை, அதனால் மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது தோதானது. நுவரெலியாவும் ஏறக்குறைய குன்னூர் உயரம்தான். அங்கே இருக்கும் என் சித்தி வீட்டில் எந்த நத்தாருக்கும் லவ் கேக் குழி விழுந்ததில்லை.

ரவை 250 கிராமை மணம் வரும் வரை லேசாக வறுத்து, சூட்டோடு 225 கிராம் பட்டரில் பிசைந்து வைக்க வேணும். முட்டை மஞ்சள் கரு பத்தும் சீனி 450 கிராமும் வெளிறும் வரை அடித்து, அதில் இந்த ரவையைச் சேர்க்க வேணும். பிறகு பொடியாக வெட்டிய கஜு (முந்திரி) 250 கிராம், பூசணி தோசி (சீனிப் பாகில் போட்ட நீற்றுப் பூசணி) 150 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் (ரோஜா நீர்), ஏலம், சாதிக்காய், தேசிக்காய் (எலுமிச்சை)த் தோல் துருவல். கடைசியில் ஐந்து வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மெதுவாகக் கலக்க வேணும். 150 டிகிரியில் ஒரு மணித்தியாலம். மேல் சிவந்து மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்க வேணும், இதற்கு ஈர்க்குக் குச்சி குத்திப் பார்க்கக் கூடாது. அடுத்த நாள் சின்னச் சதுரமாக வெட்டி, கலர் பேப்பரில் சுற்றி அயலுக்கெல்லாம் குடுப்போம். சைவக்கார வீடுகளிலிருந்து அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் வரும், நாங்கள் நத்தாருக்குக் கேக் அனுப்புவோம்.

பூசணி தோசி கிடைக்காவிட்டால் இந்தியாவில் இருப்பவர்கள் ஆக்ரா பேட்டா போடலாம், அதுவும் நீற்றுப் பூசணிதான்.

முத்துநகர் | நவம்பர் 13

யாழ்வீடு அக்கா, பத்து மஞ்சள் கருவுக்கு ஐந்து வெள்ளைதான் என்றால் மிச்சம் ஐந்து வெள்ளைக் கரு இருக்குமே! அதை எங்கள் ஊருக்குக் கொடுங்கள். தூத்துக்குடி மக்ரூன் என்பது வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி மூன்றும்தான். கருவைக் கெட்டி நுரையாக அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முந்திரியைத் தூவிக் கலந்து, தாளில் கூம்பாகப் பிழிந்து, 100 முதல் 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர்த்த வேண்டும். மழை நாளில் செய்யாதீர்கள், ஈரக் காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். செய்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும்.

குன்னூர்க்குளிர் | நவம்பர் 20

எல்லோருக்கும் நன்றி. பாதி அளவை ஆறு அங்குல டின்னில் போட்டுப் பார்த்தேன். பவுடரைக் குறைத்தேன், எரித்த சர்க்கரை சேர்த்தேன், பழத்தில் மாவு புரட்டிப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. குழி விழவில்லை! ஆனால் மேலே நடுவில் வெடித்துவிட்டது. அடித்த வெண்ணெயில் முட்டை சேர்க்கும்போது திரிந்தும் போனது. தெர்மாமீட்டர் இன்னும் வரவில்லை.

பேக்கரிமாஸ்டர் | நவம்பர் 20

வெடித்தால் மேல் சூடு அதிகம் என்று அர்த்தம். மேல் முதலிலேயே இறுகிவிட, உள்ளே வேகும் மாவு அதைப் பிளந்துகொண்டு வருகிறது. டின்னை ஒரு தட்டு கீழே இறக்குங்கள். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சேர்ந்து எரிகிறதா என்று பாருங்கள். தனியாக மாற்ற முடிந்தால் முதல் அரை மணி நேரம் கீழ்ச் சூடு மட்டும் போதும்.

திரிந்ததற்குக் காரணம் குளிர். குன்னூரில் இப்போது அடுக்களையே பிரிட்ஜ் மாதிரி இருக்கும். முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். வெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். உருகக் கூடாது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், அவ்வளவுதான். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, திரிவது போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா தூவுங்கள், சேர்ந்துகொள்ளும். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் தண்ணீர் அதிகம் இருக்கும், மெல்லிய துணியில் அழுத்திப் பிழிந்த பிறகு எடை போடுங்கள்.

நாஞ்சில்அக்கா | நவம்பர் 21

குழி போனதே பெரிய விஷயம். ரம் கேக்கை டிசம்பர் பத்துக்குள் சுட்டுவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, டப்பாவில் வைத்தால் கிறிஸ்துமஸ் அன்று சுட்ட அன்றைவிட நன்றாக இருக்கும். சாறு ஊறிய கேக்கை அப்படி வைக்க முடியாது, இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் தேதி வாக்கில் செய்யுங்கள். நிறைய ஆட்கள் என்றால் ஒரே பெரிய கேக் வேண்டாம், இரண்டு எட்டு அங்குலமாகப் போடுங்கள்.

வேளச்சேரிமே | நவம்பர் 22

இடையில் ஒரு கேள்வி. என் மகள் பிறந்த நாள் மே மாதம், சென்னையில். போன முறை வெண்ணெய் ஐசிங் போட்டு வைத்தேன், கேக் வெட்டுவதற்குள் வழிந்து தட்டுக்கு வந்துவிட்டது. குன்னூருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மாஸ்டர் அண்ணா, என்ன செய்யலாம்?

பேக்கரிமாஸ்டர் | நவம்பர் 22

வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து உருகத் தொடங்கும். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையே அதைவிடச் சூடு. அதனால் வெண்ணெய் ஐசிங் அந்த மாதத்துக்கு ஒத்துவராது. கடைகளில் போடும் க்ரீம் பெரும்பாலும் தாவரக் கொழுப்பில் செய்தது. அது கொஞ்சம் அதிக நேரம் தாங்கும், ஆனாலும் வெட்டும் வரை பிரிட்ஜில் இருந்தாக வேண்டும்.

நான் சொல்வது, மே மாதத்துக்கு ஐசிங்கே வேண்டாம். அது மாம்பழக் காலம். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிய கேக் போடுங்கள், வெயிலில் வெண்ணெயை அடிக்கும் தொல்லையும் இல்லை. மைதா 180 கிராம், சர்க்கரை 150, மணமில்லாத எண்ணெய் 100 மில்லி, முட்டை மூன்று, பங்கனபள்ளி விழுது 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். எட்டு அங்குல டின்னில் 170 டிகிரி, முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம். விழுதில் நார் இருந்தால் வடிகட்டிவிடுங்கள். மேலே பொடித்த சர்க்கரையைச் சலித்துத் தூவி, மெழுகுவர்த்தி வைக்கும் நேரத்தில் மாம்பழத் துண்டுகளை அடுக்குங்கள். முன்கூட்டியே அடுக்கினால் சாறு விட்டு மேல் ஊறிவிடும். மிச்சமிருந்தால் அன்று இரவே பிரிட்ஜில் வையுங்கள், மே மாதத்தில் பழம் போட்ட கேக் மறுநாள் வெளியே தாங்காது.